எம்35ஏ2 ராணுவ லாரி: ஆக்சில் முதல் கியர்பாக்ஸ் வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏலத்தில் ராணுவ லாரி எடுத்தவர்கள் முதல் வாரம் கேட்பதெல்லாம் எஞ்ஜினைப் பற்றித்தான். மூன்று மாதம் கழித்துக் கேட்பதெல்லாம் வண்டிக்கு அடியில் இருப்பதைப் பற்றி. இங்கே அந்த இரண்டாவது வகைக் கேள்விகள் மட்டும்.

எந்த லாரியைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் 6×6 லாரி, அதாவது மூன்று ஆக்சிலும் இழுக்கும் வண்டி. 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்பது அங்கே அதன் செல்லப்பெயர். 1950-ல் ரியோ கம்பெனி தொடங்கிவைத்த வரிசை இது. பிறகு ஸ்டூட்பேக்கர், கைசர் ஜீப், ஏ.எம். ஜெனரல் என்று பல கை மாறியது. ஏலத்தில் அதிகம் கிடைப்பது எம்35ஏ2. 478 கன அங்குல மல்டிஃபியூவல் (பல வகை எரிபொருளில் ஓடும்) எஞ்ஜின், ஸ்பைசர் 3053ஏ ஐந்து கியர் பாக்ஸ், ராக்வெல் டி-136 டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), 6.72:1 விகிதத்தில் மூன்று ராக்வெல் ஆக்சில்கள். டேஷ்போர்டில் டூவில்லா (Tooele), ரெட் ரிவர் என்று ஏதாவது ராணுவப் பணிமனையின் தகடு அடித்திருந்தால், வண்டி ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கட்டப்பட்டது என்று பொருள். அந்தத் தகட்டின் தேதி, தயாரிப்புத் தேதியைவிட முக்கியம்.

இந்த ஆக்சில் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

சாதாரண லாரியில் கிரவுன் பினியன் (கிரவுன் பல்லைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) ஹவுசிங்கின் முன்பக்கமாக வெளியே வரும். இதில் மேலே உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால், டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) மொத்தத்தையும் செயின் பிளாக் போட்டு மேல்நோக்கித் தூக்கி எடுத்துவிடலாம். பல் குறைப்பு இரண்டு கட்டமாக நடப்பதால் ஒரே ஜோடிப் பல்லின் மேல் முழுச் சுமையும் விழுவதில்லை. ஷாஃப்ட் மேலே வருவதால் பாறையிலும் இடிக்காது. சேற்றில் ஓட்டுகிறவர்களும் பாறை ஏறுகிறவர்களும் இதைத் தேடி வாங்குவது இதற்காகத்தான். ஆரம்பகால 'பிக்ஃபுட்' மான்ஸ்டர் டிரக்கே ராணுவ உபரி ஆக்சிலின் மேல் நின்றதுதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருடப் பழைய எம்35-ல் கிரவுன் பல் உடைந்தது என்பது அபூர்வமான செய்தி. கெட்டுப்போவது சீல், பேரிங், புஷ், ரப்பர். ஆனாலும் வாங்கியவுடன் எல்லோரும் கேட்பது 'என்ன அப்கிரேட் செய்யலாம்?' என்றுதான்.

வாங்குமுன் அடியில் படுத்து என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பிரேக் டிரம்முக்கு உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். கருப்பாக, பிசுக்காக வந்தால் கியர் ஆயில் பிரேக் ஷூ வரை போயிருக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியென்றால் இன்னும் உஷாராக இருங்கள். கசிவின் மேலேயே பச்சைப் பெயின்ட் அடித்து விற்றதை நான் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் பின்பக்க இரட்டை ஆக்சிலைத் தாங்கும் ஆறு டார்க் ராடுகள். மேலே இரண்டு, கீழே நான்கு. ஒரு கடப்பாரையை வைத்து நெம்பினால் முனையில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். யுனிவர்சல் ஜாயிண்ட்டின் கிராஸைக் கையால் முறுக்கிப் பாருங்கள். தொப்பியைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தால், உள்ளே கிரீஸ் தீர்ந்து ஊசி பேரிங் அரைபடுகிறது.

கடைசியாகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, ஆறு ஹப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் இறுக்கம்.

ஆயில் சீலை இரண்டு முறை மாற்றிவிட்டேன். கசிவு நிற்கவில்லை. ஏன்?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். பாதிப் பேருக்குப் பதில் சீலில் இல்லை, ஆக்சிலின் மேலே இருக்கும் பிரீதரில் இருக்கிறது.

ஹவுசிங்கின் மேல் கட்டை விரல் பருமனில் ஒரு சின்ன மூச்சுத் துளை வால்வு உண்டு. வண்டி ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகி, காற்று விரிந்து அதன் வழியாக வெளியேற வேண்டும். ராணுவத்தில் அடித்த பெயின்ட், சேறு, குளவிக் கூடு என்று ஏதாவது அதை அடைத்துவிடும். காற்றுக்கு வழியில்லாமல் போனால் அது எளிதான இடத்தைத் தேடும். அது சீல்தான். புதுச் சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் டிரம்முக்குள் வரும். முதலில் அந்தப் பிரீதரைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று போகவில்லை என்றால் சீல் வாங்கப் போகாதீர்கள்.

இரண்டாவது காரணம் சாவிப்பள்ளம். ஸ்பிண்டிலின் (ஹப் பேரிங் உட்காரும் குழல்) நுனியில் லாக் வாஷர் சுற்றாமல் இருக்க ஒரு நீளப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். வெளிச் சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும், இந்தப் பள்ளம் வழியாக ஆயில் சாக்கடை போல் ஓடி பேரிங் கிரீஸில் கலக்கும். சீல் போடும்போதே பள்ளத்தில் சிலிகோன் பேஸ்ட்டை நிரப்பி, வழித்துச் சமமாக்கி, காயவிட்டுப் பிறகு மாட்டுங்கள். இரண்டு ரூபாய் வேலை.

மூன்றாவது, சீல் உட்காரும் வளையம். பழைய சீலின் உதடு அதே இடத்தில் பல வருடம் உரசி மெல்லிய பள்ளம் போட்டிருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். தட்டினால் வளையத்தையும் மாற்ற வேண்டும், அல்லது சீலை ஒரு நூலளவு தள்ளி உட்காரவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகும் பிரேக் ஷூவில் ஆயில் ஊறியிருந்தால், பெட்ரோல் விட்டுக் கழுவி மறுபடி மாட்டுவது வீண். லைனர் உறிஞ்சிய ஆயில் சூடானதும் மறுபடி வெளியே வரும். ஷூவை மாற்றுங்கள்.

ஹப்பைக் கழற்ற என்னென்ன வேண்டும்?

இந்த லாரியில் ஆக்சில் ஷாஃப்ட் எடை தாங்குவதில்லை. ஷாஃப்ட்டை மட்டும் உருவ வேண்டும் என்றால் ஜாக்கியே தேவையில்லை. ஃபிளேஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றி இழுத்தால் வந்துவிடும், கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரேக் ஷூவைப் பார்க்க ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே வர வேண்டும். அதற்கு 3 அங்குல பெரிய சாக்கெட் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி அந்த நட்டின் முனைகளைச் சப்பையாக்கிய வண்டிகளைப் பார்த்தால் அழுகை வரும்.

பேரிங்கை இறுக்கும்போது ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பேரிங் உட்கார்ந்ததும் சற்றே தளர்த்தி, லாக் வாஷரை மடித்து, வெளி நட்டைப் போட்டு இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்வு என்ற கணக்கு மெயின்டெனன்ஸ் கையேட்டில் இருக்கிறது. கை உணர்வை நம்பாதீர்கள்.

வீல் நட் விஷயம் ஒன்று. ஓட்டுநர் பக்கம், அதாவது அமெரிக்க லாரியில் இடப்பக்கம், ஸ்டட்டுகள் இடது மரை. கழற்ற வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஸ்டட் நுனியில் 'எல்' எழுத்து குத்தியிருக்கும், ஆனால் துருவில் தெரியாது. முதல்முறை நான் இரண்டடி ஸ்பேனருக்கு ஐந்தடி பைப்பைச் செருகி, வழக்கமான பக்கமாகவே ஏறி நின்று மிதித்தேன். 'டக்' என்ற சத்தம் கேட்டதும், நட் விட்டுக்கொடுத்தது என்று சந்தோஷப்பட்டேன். ஸ்டட் முறிந்து கையில் வந்தது. இன்னும் இரண்டு முறிந்த பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

டிஃபரன்ஷியல் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருக்கிறது. பல் போய்விட்டதா?

தண்ணீர் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டியை ஓட்டாமல் இரண்டு நாள் நிறுத்தி வைத்துவிட்டு, கீழ்ப் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம். கலங்காத தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். பிறகு ஆயிலை முழுதும் வடித்து, மலிவான ஆயிலை ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்ல ஆயிலை ஊற்றுங்கள்.

பிளக்கில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு போல் இருந்தால் இயல்பான தேய்மானம். ஊசி போல் குத்தும் துணுக்கு வந்தால்தான் மேல் மூடியைத் திறக்க வேண்டும்.

முன் ஆக்சில் முட்டியில் இருக்கும் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது. அவசரமா?

அவசரம்தான். உள்ளே இருப்பது ஸ்டீயரிங் திரும்பும்போதும் சீராகச் சுற்றும் ஜாயிண்ட். கிரீஸ் வெளியே போய், மணலும் தண்ணீரும் உள்ளே வந்தால் அதன் ஆயுள் சொற்பம். முழு ரப்பர் போட ஹப், ஸ்பிண்டில் எல்லாம் பிரிக்க வேண்டும். ஜிப் வைத்த பூட் கிடைக்கிறது. அதைப் பிரிக்காமலே சுற்றிப் போடலாம். ஜிப் மேல்பக்கம் வராமல் பார்த்துக்கொண்டு, பசை தடவி மூடுங்கள். ஹப் எப்படியும் கழற்றப்போகிறீர்கள் என்றால் முழு ரப்பரே போடுங்கள்.

ஸ்ப்ராக் என்றால் என்ன? அதைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார்களே?

டி-136-21 டிரான்ஸ்ஃபர் கேஸில் முன் ஆக்சில் தானாகவே சேர்ந்துகொள்ளும். அதைச் செய்யும் ஒருவழிக் கிளட்ச்தான் ஸ்ப்ராக். ஓட்டுநர் எதையும் தொட வேண்டாம். சைக்கிளில் பெடல் மிதிக்காதபோது பின்சக்கரம் சும்மா ஓடுமே, அந்த ஃப்ரீவீல் மாதிரிதான். நேர்ச் சாலையில் முன் ஷாஃப்ட் சற்று வேகமாக ஓடும்படி பல் எண்ணிக்கை அமைத்திருக்கிறார்கள், அதனால் ஸ்ப்ராக் பிடிக்காது. பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கி வேகமெடுத்தால் ஸ்ப்ராக் பிடித்துக்கொள்ளும், முன்சக்கரமும் இழுக்கும். ரிவர்ஸுக்கு இதே வேலையை எதிர்த்திசையில் செய்ய வேண்டும், அதற்குத் தனி லிங்கேஜ் (இணைப்புக் கம்பிகள்).

தொல்லை அந்த லிங்கேஜில்தான். சரிசெய்யாமல் விட்டால் முன்னோக்கிப் போகும்போதும் ரிவர்ஸ் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். முன் ஷாஃப்ட் சும்மா ஓட முடியாமல் முழு டிரைவ்லைனும் முறுக்கேறும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் கிறீச்சிடும். அதற்கு மேலும் ஓட்டினால் செலவு பெரிது.

டி-136-27 வகையில் ஸ்ப்ராக் இல்லை. கேபினில் இருக்கும் குமிழைத் திருப்பினால் காற்றழுத்தம் முன் ஆக்சிலைச் சேர்க்கும், எடுக்கும். பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போடுவது, என் கணக்கில் இந்த லாரிக்குச் செய்யக்கூடிய மிக நியாயமான அப்கிரேட். எப்போது நான்கு சக்கரமும் கூடுதலாக இரண்டும் இழுக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யலாம். ஆனால் நன்றாக ஓடும் ஸ்ப்ராக்கைத் தூக்கி எறிய வேண்டாம். லிங்கேஜைச் சரிசெய்து, டயர்களைச் சமமாக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

தேய்ந்த டயர் இரண்டை மட்டும் மாற்றலாமா?

எங்கே மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பின்பக்க இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னால் இருப்பதன் ஷாஃப்ட் அப்படியே ஊடுருவிப் பின்னால் இருப்பதைச் சுழற்றுகிறது. ஒரு ஆக்சிலின் டயர் விட்டம் மற்றதைவிட 10 மில்லிமீட்டர் அதிகம் என்று வையுங்கள். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் விட்டமுள்ள டயரில் அது ஒரு சதவீதம். கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் வித்தியாசம். ஷாஃப்ட் அதை விட்டுக்கொடுக்காது, டயர்தான் தார் ரோட்டில் தேய்ந்து விட்டுக்கொடுக்க வேண்டும்.

முன்பக்கம் புது டயரும் பின்பக்கம் தேய்ந்ததும் போட்டால் ஸ்ப்ராக் வண்டிக்கு ஆகாது. முன்சக்கரம் பெரிதானால் மெதுவாகச் சுற்றும், ஸ்ப்ராக் நேர்ச் சாலையிலேயே பிடித்துக்கொள்ளும். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருந்தால் பெரியதே சுமை முழுவதையும் தாங்கும். டேப் வைத்துச் சுற்றளவை அளந்து ஜோடி சேருங்கள். அரைமணி நேர வேலை.

மணிக்கு 56 மைலுக்கு மேல் போகவில்லை. விகிதத்தை மாற்றலாமா?

வண்டியில் குறையில்லை. அது வடிவமைத்ததே அப்படி. எஞ்ஜின் 2,600 சுற்றுக்கு மேல் போகக்கூடாது. ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ், அதாவது எஞ்ஜினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். அதற்கு மேல் 6.72 விகிதம் மிச்சத்தைத் தின்றுவிடுகிறது.

கிரவுன் பினியனை மாற்றுவதைவிடச் சுலபமான வழி டயர். 9.00-20 டயரின் விட்டம் 40 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். 395/85ஆர்20 ரேடியலின் விட்டம் சுமார் 46 அங்குலம். 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். அதே எஞ்ஜின் வேகத்தில் 56 மைல் சுமார் 64 ஆகும். ஆக்சில் விகிதம் 5.9-க்கு அருகில் இறங்கியதற்குச் சமம். பின்பக்கம் இரட்டை டயருக்குப் பதில் ஒற்றைப் பெரிய டயர், சேற்றிலும் நன்றாகப் போகும்.

இதற்கு விலையும் உண்டு. பெரிய டயரை நிறுத்த பிரேக் அதிகம் உழைக்க வேண்டும், பிரேக் மட்டும் அதே பழையது. ஏ2-வில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தால் தோள்பட்டை சொல்லும். மேடு ஏறும்போது ஒரு கியர் கீழே இறங்கவேண்டி வரும். ராணுவமே 1990களில் ஏ3 செய்தபோது ஒற்றை டயரோடு நிறுத்தவில்லை. காட்டர்பில்லர் எஞ்ஜின், ஆலிசன் தானியங்கி கியர்பாக்ஸ், பவர் ஸ்டீயரிங் எல்லாம் சேர்த்துத்தான் போட்டது.

லாக்கர் போடலாமா?

லாக்கர் என்பது ஒரு ஆக்சிலின் இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைப்பது. சேற்றுக்கும் பாறைக்கும் போடலாம், பின்பக்கம் ஒன்று போட்டாலே வித்தியாசம் தெரியும். முன்பக்கம் போட்டுவிட்டு, பவர் ஸ்டீயரிங் இல்லாமல் தார் ரோட்டில் ஓட்டுவது தண்டனை.

பின் ஆக்சில் ஒன்றை எடுத்துவிட்டு 4×4 ஆக்குகிறார்களே?

'பாப்' செய்வது என்பார்கள். சேஸிஸை வெட்டிக் குறுக்கி, ஒரு பின் ஆக்சிலைக் கழற்றிவிடுவது. இரண்டு ஆக்சில் சண்டை தீர்ந்துவிடும், வண்டி குறுகலான இடத்திலும் திரும்பும். மிச்சமாகும் ஆக்சில் உதிரிக்கு ஆகும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு பிரேக்கும் அதோடு போகிறது, சுமக்கும் திறனும் போகிறது. சேஸிஸ் வெல்டிங்கை வீட்டு மெஷினில் செய்வேன் என்கிறவரோடு நான் பேசுவதில்லை.

பினியனில் டிஸ்க் பிரேக் மாட்டினால் சக்கர பிரேக் வேண்டாமாமே?

பாறை ஏறும் வண்டிகளில் செய்கிறார்கள். பினியனில் பிடித்தால் அந்தப் பிடி 6.72 மடங்காகச் சக்கரத்துக்குப் போகும், சின்ன டிஸ்க்கே போதும். எடையும் குறையும். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தால், திறந்த டிஃபரன்ஷியல் வழியாக அந்த ஆக்சிலின் பிரேக் முழுவதும் போய்விடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், பினியன் நின்ற பிறகும் அது எதிர்ப்பக்கம் சுழலும், தரையில் இருப்பது முன்னோக்கி உருளும்.

அப்படியானால் இருக்கும் பிரேக் போதுமா?

இந்த லாரியில் நான் பயப்படும் ஒரே பகுதி இதுதான். காற்றழுத்தம் உதவும் ஹைட்ராலிக் பிரேக், ஆனால் ஒரே சர்க்யூட். ஆறு சக்கரத்தில் எங்காவது ஒரு குழாய் வெடித்தால் ஆறுக்கும் பிரேக் இல்லை. ஆக்சிலில் பணம் போடும் முன், இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போட்டு முன்னையும் பின்னையும் பிரியுங்கள். குறைந்தது எல்லா ரப்பர் ஹோஸையும் புதிதாக்குங்கள். ராணுவம் 1980களிலிருந்து ஊற்றியது டாட் 5 சிலிகோன் திரவம். கடையில் கிடைக்கும் டாட் 3-ஐ அதில் கலக்கக் கூடாது.

கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் ஒரே ஆயிலா?

ஆக்சிலுக்கு ஜி.எல்.-5 தரத்து 80டபிள்யூ-90 சரி. கியர்பாக்ஸில் இரண்டு முதல் ஐந்து வரை பித்தளைக் கலவை சிங்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைச் சமமாக்குபவை) உண்டு. சில ஜி.எல்.-5 ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்க்கை அதை அரிக்கும். மஞ்சள் உலோகத்துக்கு ஆகும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஊற்றுங்கள், இல்லையென்றால் ஜி.எல்.-4. முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி நின்ற பிறகு போடுங்கள்.

ஏலத்தில் எடுத்த இடத்திலிருந்து இழுத்து வரலாமா?

எஞ்ஜின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சரியாகப் போகாது. நீண்ட தூரம் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னும் பின்னும் போகும் ஷாஃப்ட்டுகளைக் கழற்றி வண்டிமேல் கட்டிவிடுங்கள். கழற்றும் முன் ஸ்பிளைனின் இரு பக்கமும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது அந்தக் கோடு சேரவில்லை என்றால் வண்டி அதிரும்.

இதைவிடப் புதிய எல்.எம்.டி.வி. எப்படி?

இந்த இரண்டரை டன் லாரிக்குப் பின்னால் அமெரிக்க ராணுவம் எடுத்தது இது. ஆஸ்திரிய ஸ்டைர் லாரியை அடிப்படையாகக் கொண்டு டெக்சஸில் செய்யப்பட்டது. அதன் எம்1078 மாடலில் ஏழு கியர் ஆலிசன் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் அதற்குள்ளேயே. இழுவிசையில் முன்னுக்கு 30, பின்னுக்கு 70 சதவீதம். சக்கர ஹப்பிலேயே பல் குறைப்பு, மொத்தம் 7.8:1. அதன் பழைய தலைவலி டிரைவ் ஷாஃப்ட். 1998-ல் அதிர்வால் ஷாஃப்ட்டும் சுற்றியுள்ள பாகங்களும் உடைந்ததால், சரிசெய்யும்வரை மணிக்கு 30 மைலுக்கு மேல் ஓட்டாதே என்று ராணுவம் தடுத்தது. ஆரம்பகால வண்டி வாங்கினால் ஷாஃப்ட் மாற்றப்பட்டதா என்று முதலில் கேளுங்கள்.

கையேடு எங்கே? எந்த எண்?

எம்35ஏ2-வுக்கு டி.எம். (ராணுவத் தொழில்நுட்பக் கையேடு) 9-2320-361 வரிசை. முடிவில் 10 என்றால் ஓட்டுநருக்கு, 20 என்றால் பணிமனை வேலைக்கு, 34 என்றால் பிரித்துக் கட்டுவதற்கு, 24பி என்றால் உதிரிப் பட்டியல். அரசு வெளியீடு என்பதால் இலவசமாகவே கிடைக்கும். 20-ஐ அச்சடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக்குள் வையுங்கள். ஹப் பக்கங்களை இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று எப்படியும் கிரீஸில் ஊறிவிடும்.